பஸ் ஸ்டாண்டுப் பக்கமா மெல்லு

கூத்தம்பட்டி அம்பலவாணனும் அவன் தம்பிகள் ஒச்சப்பனும் வீரணனும் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்றால், அக்கம்பக்கத்தார் ஆடுமாடுகளைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

அம்பலவாணனின் நாலு வயது மகள் செவந்திக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. தூங்கும்போதும் சீனிப்பால் புட்டியைக் கொடுத்துப் பழக்கியவன் அவன்தான். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டு, "இன்னைக்கு முழுக்க இடது பக்கமே மெல்லட்டும். வலது பக்கம் கடிச்சா அடைச்சது பெயர்ந்துடும், அப்புறம் பல்லையே பிடுங்கணும்" என்றார்.

மில்லுக்குப் போகும்போதே மனைவி ராக்கு சொல்லியிருந்தாள்: "எம்பிள்ளை பல்லு போச்சுன்னா, நீ உன் தம்பிகளோடயே குடும்பம் நடத்து."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆலோசனை கூடியது.

"டாக்டரம்மா எதிர்த்தாப்புல நின்னு சொன்னாங்கண்ணே. அவங்க இடதா, பாப்பா இடதா?" என்றான் வீரணன்.

"பாப்பா படுத்திருந்தப்ப அதுக்கு இடது பக்கம் என்னடா இருந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்டு. ஹாரன் சத்தம் கேட்டுச்சே" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப பஸ் ஸ்டாண்டுப் பக்கமா மெல்லணும். இதுக்கு எதுக்குடா இவ்வளவு பேச்சு!"

ஊருக்கு வந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டு கிழக்கே. இடது பக்கம் கிழக்காக, தெற்கே பார்த்து உட்கார்ந்து செவந்தி இட்லியை ஒழுங்காகத்தான் மென்றாள். பின்னால் ஒரு கோழி ஓட, அதைப் பார்க்க வடக்கே திரும்பினாள்.

"ஐயையோ, மேற்கால மெல்லுதுடா! துப்பும்மா, துப்பு!"

கோழியைப் பிடித்து அடைத்தார்கள். காக்கா வந்தது. காக்காயை விரட்டினார்கள். ஆடு கத்தியது. கடைசியில் பிள்ளையைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, அவள் ஒருபக்கம் திரும்பினால் கட்டிலை மறுபக்கம் திருப்பினார்கள். ராட்டினம் கிடைத்த சந்தோஷத்தில் செவந்தி, "இன்னொருக்கா சித்தப்பா!" என்று வேண்டுமென்றே திரும்பினாள். ரெண்டு இட்லி உள்ளே போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீரணன் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கிழக்கு எங்கண்ணே போச்சு?" என்றான்.

ராக்கு வந்தாள். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். அடைத்தது அப்படியே இருந்தது.

"எந்தப் பக்கம்டி மென்ன?"

செவந்தி இடது கன்னத்தைத் தொட்டாள். "எப்பவும் இந்தப் பக்கந்தான். அப்பாதான் சும்மா சுத்துனாரு."

ராக்கு அதிசயமாகத் திட்டவில்லை. "காலையிலேர்ந்து பட்டினியா கெடக்கீங்க, சாப்பிடுங்க" என்று சுடுசோறும் மீன் குழம்பும் வைத்தாள்.

அம்பலவாணன் முதல் கவளத்தை வாய்வரை கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

"டேய், நாம எந்தப் பக்கம் மெல்லணும்னு டாக்டரம்மாகிட்ட கேக்கவே இல்லையேடா!"

மூன்று கவளமும் தட்டுக்கே திரும்பின. அண்ணன் தம்பி மூவரும் வாயை இறுக மூடிக்கொண்டு விடியட்டும், டாக்டரம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று காத்திருந்தார்கள்.