காட்டுப்பன்றிப் பற்றிஸ்

குரு என்றால் தாடி இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? மன்னார்ப் பக்கத்து ஊரொன்றில் இருந்த குரு ஜசிந்தாவுக்கு வயது முப்பத்தைந்து. குரல் கொஞ்சம் பெரிசு, பேச்சுக் குறைவு. வீட்டுக் குசினியில் இறைச்சியை மாவுக்குள் மடித்துப் பற்றிஸ் பொரித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பாள். அவளிடம் சீடனாய்ப் போன சந்தியாப்பிள்ளைக்கு அறுபது தாண்டியிருந்தது.

போக வைத்தது அவருடைய மனிசி றோசலின்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து சந்தியாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். முதல் வாய் சோறு உள்ளே போனதும் ஒரு குறை வெளியே வரவேண்டும். உப்புக் காணாது. புளி கூடிப்போச்சு. இன்னும் கொஞ்சம் வத்தியிருக்கலாம். அவர் குறை சொல்லாமல் தின்கிற ஒரே சாமான், கடையில் வாங்குகிற ஜசிந்தாவின் பற்றிஸ்தான்.

ஒருநாள் மீன்குழம்பில் குறை சொன்னார். றோசலின் எழும்பினாள். உடுப்பை ஒரு பையில் வைத்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவன். உங்கட கையால ஒரு சாமான் செய்து தேத்தண்ணியோட தாங்கோ. தின்னக்கூடியதா இருந்தா நிப்பன். இல்லாட்டி அடுத்த பஸ்ஸில திரும்பிப் போயிடுவன்."

சொன்னால் செய்கிற மனுசி. பஸ் போனபிறகுதான் அவர் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு நெருப்புப்பெட்டி இருக்கிற இடம்கூடத் தெரியாது. ஆனாலும் வீம்பு விடுமா? பாணில் ஜாம் பூசிக் கொடுக்கிற ஆளா அவர்? வயலுக்குள் இறங்கிய காட்டுப்பன்றியை அடித்து ஊரில் பங்கு போட்டிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு வேலியடியில் நின்று பக்கத்து வீட்டு ஜசிந்தாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதில சொசேஜ் செய்து, அதை உள்ளுக்கு வைச்சுப் பற்றிஸ் செய்யவேணும். பழக்கிவிடு."

"சொசேஜ் அடைக்கக் குடல் கிடக்கோ?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு. பற்றிஸுக்கு மாவுதான் தோல். வாங்கோ."

இருவரும் றோசலினின் குசினிக்குள் போனார்கள். ஜசிந்தா சொல்லச் சொல்ல அவர் இறைச்சியையும் கொழுப்பையும் கொத்தினார். வியர்வை சட்டிக்குள் விழாமல் சாரத்தால் முகத்தைத் துடைத்தார். மிளகு, உள்ளி, வினாகிரி, உப்பு எல்லாம் அவளே அளந்து போட்டுப் பிசைந்தாள்.

"பச்சை இறைச்சியை நக்கிப் பாக்கேலாதே. உருசி சரியோ எண்டு என்னெண்டு தெரியும்?" என்றார் சந்தியாப்பிள்ளை.

ஜசிந்தா ஒரு கிள்ளு எடுத்துத் தாச்சியில் பொரித்தாள். இரண்டாய் உடைத்தாள். ஒரு பாதி அவருக்கு, மற்றப் பாதி தனக்கு.

"சொல்லுங்கோ அண்ணை."

சொல்லுங்கோ என்று கேட்டால் சந்தியாப்பிள்ளை சும்மா இருப்பாரா? கண்ணை மூடி மென்றார்.

"மிளகு காணாது."

அவள் மிளகுப் போத்தலை அவர் பக்கம் தள்ளினாள். போட்டார். இன்னொரு கிள்ளு பொரித்தார்.

"இப்ப வினாகிரி எடுபடேல்லை."

வினாகிரி ஊற்றினார். இன்னொரு கிள்ளு.

"என்னவோ ஒண்டு குறையுது. கறுவாப்பட்டைத் தூள்!"

கறுவா போட்டார். கறுவாவை அடக்க உப்பு, உப்பை அடக்கத் தேசிக்காய்ப் புளி, தேசிக்காயை அடக்கத் திரும்பவும் மிளகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிள்ளு. கிள்ளும் வரவர அவருடைய கைக்கேற்றபடி பெரிசானது. ஜசிந்தா அந்தப் பக்கம் இருந்து மாவை வட்டம் வட்டமாய் உருட்டி அடுக்கினாள்.

சந்தியாப்பிள்ளை ஒரு பெரிய ஏப்பம் விட்டார். அடுத்த கிள்ளுக்குச் சட்டியில் கை வைத்தார். நகம் அடியில் உரசியது.

"ஐயோ! இறைச்சி எங்க?"

ஜசிந்தா உருட்டுக்கட்டையால் அவருடைய வயிற்றைக் காட்டினாள்.

"பாத்துக்கொண்டுதானே இருந்தனீ! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோ?"

"சொல்லியிருந்தா அதுக்கும் உப்புக் காணாது எண்டிருப்பியள்."

சட்டியை வழித்ததில் ஒரு பற்றிஸுக்குத்தான் போதுமாய் இருந்தது. மடித்து, முள்ளுக்கரண்டியால் விளிம்பை அமத்தி, பொரித்து எடுக்கவும் தெருவில் பஸ் ஹோர்ன் அடிக்கவும் சரியாய் இருந்தது.

றோசலின் வந்தாள். கதிரையில் இருந்தாள். பையை மடியைவிட்டு இறக்கவில்லை. பெரிய பீங்கானின் நடுவில் கிடந்ததைப் பார்த்தாள்.

"ஒண்டுதானோ?"

"ஒண்டுதான்."

கடித்தாள். மென்றாள். சந்தியாப்பிள்ளை அவளுடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதைகூட அவருக்கு இவ்வளவு நீளமாய் இருந்ததில்லை.

"இஞ்சேரப்பா, ஏதும் சொல்லன்."

அவள் அவசரப்படவில்லை. கடைசித் துண்டையும் தின்று முடித்தாள்.

"கறுவா ஆர் போடச் சொன்னது?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பஸ் இன்னும் சந்தியில்தான் நின்றது. அதன் இரைச்சல் கேட்டது.

"வேற ஒண்டும் சொல்லமாட்டியோ?" என்றார், அழாத குறையாக.

றோசலின் அவரை ஒரு கணம் பார்த்தாள். பையைக் கதிரைக்குக் கீழே வைத்தாள்.

"தின்னலாம். தேத்தண்ணியை ஊத்துங்கோ."

பஸ் போய்விட்டது. அவருக்குக் கை கால் வந்தது. தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் ஓடினவர், பின்கதவால் புறப்பட்ட ஜசிந்தாவை வேலியடியில் மறித்தார்.

"குருவே, ஒண்டு மட்டும் சொல்லு. அவ்வளவு கிள்ளிலயும் எது சரியா இருந்தது?"

"முதல் கிள்ளு."

"முதல் கிள்ளோ! அதிலதான் மிளகு..."

"கடையில வாங்கித் தின்னுறியளே, அதே கணக்குத்தான் அண்ணை. இண்டுவரைக்கும் அதில ஒரு குறை சொல்லியிருக்கிறியளோ?"

"இல்லையே. அது உன்ரை கைப்பக்குவம் எல்லோ."

ஜசிந்தா உருட்டுக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆள் நுழைகிற வேலிப் பொட்டுக்குள் குனிந்தாள்.

"என்ரை இல்லை. றோசலினக்கா பழக்கினது."