தீர்ப்பு வரும்வரை வளர்ந்த புதர்

ஒரு காட்டில், மலைச்சரிவின் நடுவே, மரமே இல்லாத புல்மேடு ஒன்று இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லோருக்கும் உரியதாக இருந்தது.

விடிந்ததும் அடிவாரத்துப் பட்டியிலிருந்து மாடுகள் மேய வரும். வெயில் சாய்ந்ததும் அவை இறங்கிவிட, குரங்குகள் விளையாட வரும். மேட்டின் உச்சியிலிருந்து கீழே உருண்டு வருவதென்றால் குரங்குக் குட்டிகளுக்குக் கொள்ளை ஆசை. மரத்தில் அப்படி உருள முடியுமா, சொல்லுங்கள்.

மாடுகளில் செவலை என்றொரு பசு. பசும்புல்லைவிட அவளுக்கு வாதம் பிடிக்கும். அப்போது அவள் சினையாக இருந்தாள். மழைக்காலத்தில் அடிவாரத்திலும் புல் கிடைக்கும். கோடையிலோ அந்த மேட்டை விட்டால் வேறு கதியில்லை. கன்று பிறப்பதும் கோடைக்குச் சற்று முன்புதான். மேட்டுப் புல் இருந்தால்தான் பால் ஊறும். மேட்டைப் பற்றிய பேச்சு வந்தாலே செவலையின் காதுகள் விறைத்ததற்குக் காரணம் இதுதான்.

முதல் மழை தூறிய நாளில் குரங்குகள் நேரத்தை மறந்து காலையிலேயே வந்துவிட்டன. மாடுகள் ஏறி வருவதற்குள் புல்லெல்லாம் பாய்போலப் படிந்து கிடந்தது.

"ஏ சுருட்டை, உன் பிள்ளைகள் புரண்ட புல்லை நாங்கள் எப்படித் தின்பது? மூத்திர நாற்றம் குடலைப் புரட்டுகிறது" என்றாள் செவலை.

சுருட்டை குரங்குக் கூட்டத்தின் தலைவன். "நாற்றத்தைப் பற்றி நீ பேசாதே, தாயே. எங்கள் பிள்ளைகள் உருண்டு வந்து கடைசியில் எதில் முகம் பதிக்கிறார்கள் தெரியுமா? உங்கள் சாணியில்."

"நாங்கள் பசிக்கு வருகிறோம். நீங்கள் பொழுதுபோக்க வருகிறீர்கள். இரண்டும் ஒன்றா?"

"பசி வயிற்றுக்கு மட்டும்தானா? கிளையைப் பிடித்துக்கொண்டே வளரும் குட்டி, ஒரு வேளையாவது பிடியை விட்டு ஓட வேண்டாமா?"

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. நேரத்தைச் சரியாகக் கடைப்பிடித்திருந்தால் சண்டை அதோடு முடிந்திருக்கும். ஆனால் செவலைக்கு வெற்றி வேண்டியிருந்தது. "நடுவர் ஒருவர் சொல்லட்டும்" என்றாள்.

யானையைக் கூப்பிடலாம் என்றால், "அவர் புல் தின்கிறவர், உங்கள் கட்சி" என்றான் சுருட்டை. கரடியைக் கூப்பிடலாம் என்றால், "மரம் ஏறுகிறவர், உங்கள் கட்சி" என்றாள் செவலை.

பிறகு அவளே சொன்னாள்: "இந்த மேட்டில் புல்லும் தின்னாதவர், விளையாடவும் வராதவர் ஒருவர்தான் உண்டு. சிறுத்தையார். பங்கு கேட்காதவர்தானே நடுநிலையானவர்?"

வெறும் தரையில் முட்டையிடும், ஆபத்தைக் கண்டால் கத்தி எச்சரிக்கும் ஆள்காட்டிப் பறவை குறுக்கே ஓடி வந்தது. "அவர் ஏன் இங்கே வருவதில்லை என்று யோசித்தாயா, அக்கா?"

"ஏன் வரவில்லை என்பது வேறு கேள்வி. வரவில்லை என்பதுதான் சாட்சி."

சுருட்டையும் தலையாட்ட, இரு தரப்பும் சிறுத்தையின் பாறைக்குக் கிளம்பின.

சிறுத்தை தன் பாறையில் படுத்தபடியே வழக்கைக் கேட்டது. "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆற அமர யோசிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை மேட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தவர் கட்சி தோற்றது."

எதிராளியும் உள்ளே போக முடியாது என்பதில் இரு தரப்புக்கும் திருப்தி.

சிறுத்தை வாய்தாவுக்கு மேல் வாய்தா போட்டது. ஒரு நாள் பல்வலி என்றது. ஒரு நாள் சாட்சி போதாது என்றது. மழை மாதங்கள் கடந்தன.

ஒவ்வொரு மழையிலும் பறவைகளின் எச்சத்திலிருந்து மேட்டில் உண்ணிச்செடி என்னும் முட்புதர் முளைப்பது வழக்கம். மாடுகளின் குளம்பு அதை நசுக்கிவிடும். தப்பியதைக் குரங்குக் குட்டிகள் இழுத்துப் பிடுங்கி விளையாடும். அது ஒரு வேலை என்று இருவருக்குமே தெரியாது. இந்த மழையில் அதைச் செய்ய யாருமில்லை.

ஆள்காட்டி பட்டிக்கே பறந்து வந்தது. "அக்கா, மேடெல்லாம் முள் முளைக்கிறது. இன்றைக்குப் போய் மிதித்தால் போதும்."

"போனால் தோற்றுவிடுவேன்."

"அங்கே ஒளிய ஒரு செடி இல்லாததால்தான் சிறுத்தை வராமலிருந்தது. புதர் மண்டிவிட்டால்?"

"தீர்ப்பு வரட்டும், பேசலாம்."

பறவை சுருட்டையிடம் போயிற்று. "முதலில் செவலை போகட்டும், அப்புறம் நான்" என்றான் அவன்.

முட்டையிட வெறுந்தரை இல்லாமல் போகவே, ஆள்காட்டி வேறு மலைக்குப் போய்விட்டது.

செவலை கன்று ஈன்றாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பெயரும் சுட்டிதான். கோடையும் பிறந்தது. அடிவாரம் காய்ந்தது. மடியில் பால் வற்றத் தொடங்கிய வாரத்தில் தீர்ப்பு வந்தது.

"காலையில் மாடுகள் மேயட்டும். மாலையில் குரங்குகள் விளையாடட்டும்."

சுருட்டை தலையைச் சொறிந்தான். "முன்பு இருந்ததும் இதுதானே?"

"இதேதான்" என்றது சிறுத்தை. "உங்கள் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை."

மறுநாள் செவலை கன்றோடு மேடேறினாள். கொம்புக்கு மேலே புதர் வளர்ந்திருந்தது. இடையில் எங்கோ ஒரு கை அகலம் புல் தெரிய, பசித்திருந்த சுட்டி முந்திக்கொண்டு உள்ளே ஓடியது. எச்சரித்துக் கத்த அங்கே பறவை இல்லை. புதர் ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

அதை அறியாமல், மாலையில் உச்சியிலிருந்து புதரிடுக்கு வழியே உருண்ட குரங்குக் குட்டிகளில் ஒன்று கீழே வந்து சேரவில்லை.

மறுநாள் விடிந்ததும் செவலை ஒரு பக்கத்திலிருந்து புதரை மிதித்தாள். சுருட்டை மறுபக்கத்திலிருந்து பிடுங்கினான். அந்தி சாயும்வரை ஒரு தூர்கூட அசையவில்லை.

நீதி: பொது நிலத்தைப் பகிர்ந்துகொள்ள மறுப்பவர்கள், அது பாழானால் யாருக்கு ஆதாயமோ அவனிடமே நியாயம் கேட்டு நிற்பார்கள்.