தூக்குக்குண்டு நின்ற இடம்

"அடங்கவே மாட்டேங்குது, டீச்சர்" என்றார் ஆரோக்கியம்.

அறுபதை நெருங்கும் மனிதர். பல்கீஸ் டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனால் கருவிகளின் குணம் அறிந்தவர் என்று பேர். வித்தைக்கு வயது ஏது என்று ஆரோக்கியம்தான் வணங்கி அழைத்து வந்திருந்தார்.

மலையின் வயிற்றைக் குடைந்து கட்டிய அறை. நடுவில் ஒரு நீண்ட கம்பி. அதன் நுனியில் பித்தளைத் தூக்குக்குண்டு.

மலை மயிரிழை சாய்ந்தாலும் குண்டு சொல்லிவிடும். கீழே சாலையில் லாரி தும்மினாலும் ஆடும்.

அந்த ஆட்டத்தை அடக்கத்தான் பக்கத்தில் ஒரு பெட்டி. மின்காந்தச் சுருளால் குண்டை மெல்லப் பிடித்து, குறித்த இடத்தில் நிறுத்துவது அதன் வேலை.

இப்போது பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. குண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"போன வருஷம் பெருமழை பெஞ்சதே, அதுலேருந்து."

"என்னென்ன மாத்துனீங்க?"

"வயர் மாத்தினேன். போர்டு மாத்தினேன். சுருளைப் புதுசா சுத்தினேன். பெட்டியே இப்ப வேற பெட்டிதான்."

"மாத்தாதது எது?"

ஆரோக்கியம் குண்டுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அளவுகோலைப் பார்த்தார். அதில் நகப்பூச்சால் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி.

டீச்சர் பெட்டியை அணைத்தார்.

"ஐயோ, புடிக்காம விட்டா அது பாட்டுக்கு ஆடும், டீச்சர்."

"ஆடட்டும். உக்காருங்க."

குண்டு அகலமாக ஆடியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் ஊற்றி வைத்த டீ ஆறிப்போனது. ஆட்டம் சுருங்கியது. பிறகு நின்றது.

புள்ளியில் அல்ல. இடப்பக்கம், ஒரு நெல் அகலம் தள்ளி.

"இப்ப யாரும் புடிக்கல, தள்ளல. அது நிக்கிற இடம் இதான், சார்."

"புள்ளி அங்க இருக்கு."

"மழையில மலை சாஞ்சிருக்கு. பெட்டி இன்னும் பழைய இடத்துக்கே இழுக்குது. அதோட பலமெல்லாம் இழுக்கிறதுக்கே போயிடுது. ஆட்டத்த அடக்க என்ன மிச்சம் இருக்கும்?"

ஆரோக்கியம் தலைகுனிந்தார்.

"பெட்டிக்குப் புது இடத்தைச் சொல்லிட்டா முடிஞ்சுது."

இதை முதல் வருஷம் படிக்கிற பிள்ளையும் சொல்லும். கருவியோடு குடும்பமே நடத்திய மனிதருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கைதான் போகவில்லை.

"அது பிலோமி வெச்ச புள்ளி" என்றார்.

பிலோமினா அவர் மனைவி. இருவரும் சேர்ந்துதான் இந்தக் கருவியை மாட்டினார்கள். பேனா மை கண்ணாடியில் ஒட்டவில்லை என்று கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துப் புள்ளி வைத்தவள் அவள்தான். "இனிமே இங்கயே நிக்கணும், எங்கயும் போகக் கூடாது" என்று குண்டை அதட்டிவிட்டுச் சிரித்தாளாம்.

மழை ஓய்ந்த மாதம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அவ வரமாட்டான்னு தெரியும், டீச்சர். இருந்தாலும் தினம் கதவத் தொறந்ததும், அது அவ சொன்ன இடத்துல நிக்குதான்னுதான் பாக்குறேன்."

டீச்சர் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தார்.

"எனக்கு அவ வேணும்போல இருக்கு."

அணைத்த பெட்டி பேசாமல் கிடந்தது.

ஆரோக்கியம் எழுந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளேடை எடுத்தார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"சொரண்டிடுறேன். இது கண்ணுல பட்டா நான் திரும்பக் குண்டை இங்கயேதான் நிக்க வெப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

பிளேடு கண்ணாடிக்குப் பக்கத்தில் போனது.

"சார், இங்க நீங்க எதை அளக்குறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"மலை எவ்வளவு தள்ளி வந்திருக்குன்னு."

"எங்கேருந்து?"

ஆரோக்கியம் புள்ளியைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார்.

பிளேடைக் கீழே வைத்தார்.