மூன்று காகிதங்கள், ஒரு பனிமலை

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று போத்தனூர் வனஜாவைக் கேட்டால் தெரியும். முப்பத்து நாலு வருஷம் புளுகு கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனவர் அவள் கணவர் தணிகாசலம். பால்காரர் சிரித்தால்கூட, 'இவன் எதுக்குச் சிரிக்கிறான்?' என்று அரை மணி நேரம் யோசிப்பார். ஆனால் எந்த வண்டியில் எந்த ஜன்னலில் என்ன தெரியும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. "பாலக்காட்டுக்குத்தானே? வலப்பக்கம் போய் உக்காருங்க, வாளையாத்து மலை பூரா தெரியும்" என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புவார். அந்த விஷயத்தில் அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு வனஜா புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. தென் அமெரிக்காவின் அடிநுனியைச் சுற்றிப் போகும் கப்பலில் ஒரு தடவை போக வேண்டும் என்றாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இப்போது விட்டால் அப்புறம் எங்கே போவது? அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மேல்தளத்துக்கெல்லாம் ஏறி நிக்க எனக்கு முடியாதுங்க. ரூம் பால்கனியில உக்காந்த மேனிக்கே கரையும் பனிமலையும் தெரியணும். வெறும் தண்ணியப் பாக்கறதுக்கு நான் எதுக்கு அத்தனை தூரம் வரணும்?"

நியாயம்தானே! வனஜாவின் தம்பி குப்புராஜ் ரயில் நிலையத்துக்கு எதிரே பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறான். அவன் வந்து சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தான். மேலே அகன்று, கீழே போகப் போகக் கூம்பும் முள்ளங்கி மாதிரி ஒரு கண்டம். அதன் கிழக்குக் கரையில் புவனோஸ் அயர்ஸ், மேற்குக் கரையில் வால்பரைசோ. ஒரு ஊரில் கிளம்பும் கப்பல் கீழ்நுனியைச் சுற்றிக்கொண்டு மற்ற ஊரில் போய் நிற்கும்.

"அக்கா, ஒரேயடியா எத்தனை படி ஏற முடியும்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். தணிகாசலத்துக்கு உடனே மூக்கு வியர்த்தது. டிக்கெட் போடுகிறவனுக்குப் படிக்கட்டு எதுக்கு?

மறுநாள் குப்புராஜ் எழுதிக் கொடுத்தான்: ஜனவரிக் கடைசி, புவனோஸ் அயர்ஸிலிருந்து வால்பரைசோவுக்கு, லிஃப்டுக்குப் பக்கத்தில் பால்கனி அறை. கப்பல் போகிற திசையைப் பார்த்து நின்றால் அந்த அறை வலக்கைப் பக்கம் வரும். "வலப்பக்கம் எதுக்குன்னா மாமா..." என்று ஆரம்பித்தான். "அதையெல்லாம் கப்பல்காரன் பாத்துக்குவான், நீ விலையச் சொல்லு மாப்ளே" என்று வாயை அடைத்துவிட்டார் தணிகாசலம். விலையைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே காலை நடைக்குப் போனார். கூட நடக்கும் பரஞ்சோதி, தான் அந்தக் கடலிலேயே ஆறு வருஷம் கப்பல் வேலை பார்த்தவன் என்று பெஞ்சில் உட்காரும் எல்லோரிடமும் சொல்கிறவர். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஜனவரியா? சுத்த ஏமாத்து வேலைங்க! ஜூலையில போங்க. அங்க நல்ல கோடை, வெயில் சும்மா தகதகன்னு அடிக்கும். பிளேன் டிக்கெட்டும் சல்லிசு" என்று தன் கையாலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பைசா கேட்கவில்லை. கேட்காத மனுஷன் ஏன் புளுகப் போகிறான் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது.

ஆனாலும் அவரையும் முழுசாக நம்ப மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் தானே கணினி முன்னால் உட்கார்ந்து விமானக் கட்டணங்களைத் துழாவினார். அகப்பட்டது! அதே ஜனவரியில் இரண்டு வாரம் முன்னால், அதே கப்பல், எதிர்த்திசைப் பயணம். வால்பரைசோவில் ஏறிப் புவனோஸ் அயர்ஸில் இறங்கினால் இரண்டு பேருக்கும் சேர்த்து விமானச் செலவில் முப்பதாயிரம் மிச்சம். அப்படியானால் மாப்பிள்ளை ஏன் இதைச் சொல்லவில்லை? கமிஷன்! வேறென்ன? கூடப்பிறந்த அக்காளிடமே வேலையைக் காட்டிவிட்டானே! கொதித்துப்போய்த் தானே மூன்றாவது காகிதம் எழுதினார். அறை மட்டும் லிஃப்டுக்குப் பக்கம் என்பதால் வலக்கைப் பக்கத்து அறையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குப்புராஜ் வந்து நின்றான். "மதியத்துக்குள்ள சொல்லிருங்க மாமா, இல்லாட்டி ரூம் போயிரும்."

"பாத்தியா, அவசரப்படுத்தறான்!" என்று தணிகாசலம் மூன்று காகிதங்களையும் வனஜா முன்னால் பரப்பினார். "நம்ம வீட்டுக்குள்ளயே ஆளு வச்சு ஏமாத்தறாங்க. நீயே தொட்டுச் சொல்லு, எது?"

வனஜா தம்பி முகத்தைப் பார்த்தாள். அது சிவந்திருந்தது. கணவர் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் வரைபடத்தின் ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வனஜா கேட்ட பனிமலை எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அந்த வீட்டில் சந்தேகப்பட வேண்டியது யாரை?

விடை: பனிமலை இருப்பது குப்புராஜின் காகிதத்தில். பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் பருவம் தலைகீழ். ஜனவரி அங்கே கோடை, ஜூலை நடுக்குளிர். அதுகூடத் தெரியாத பரஞ்சோதி அந்தக் கடலில் ஆறு வருஷம் வேலை பார்த்தது பெஞ்சில் உட்கார்ந்து பேசிய பேச்சில் மட்டும்தான். புவனோஸ் அயர்ஸிலிருந்து தெற்கே இறங்கி, நுனியைச் சுற்றி, வடக்கே ஏறும் கப்பலுக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் கரை வலக்கைப் பக்கம். நுனியருகே உள்ள குறுகலான கடல் கால்வாய்களில் இரண்டு பக்கமும் மலை தெரியும் என்றாலும், மற்ற நாளெல்லாம் வலப்பக்கத்துக்குத்தான் யோகம். சந்தேகப்பட வேண்டியது தம்பியை அல்ல, தணிகாசலத்தின் கணக்கைத்தான்: திசையைத் திருப்பிவிட்டு அறையைத் திருப்பாமல் விட்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் வனஜாவுக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும்.

வனஜா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏனுங்க, பாலக்காடு போறப்ப வலப்பக்கம் தெரியற மலை, திரும்பி வர்றப்ப எந்தப் பக்கம்?"

"இடப்..." என்று ஆரம்பித்த தணிகாசலம் அப்படியே நிறுத்தினார். வெட்கமாகப் போய்விட்டது. குப்புராஜின் காகிதத்தை எடுத்து, "இதையே போடு மாப்ளே" என்று அவன் கையில் கொடுத்தார். முப்பத்து நாலு வருஷம் ஊரார் டிக்கெட்டில் தப்புப் பிடித்தவர், கடைசியாகப் பிடித்த தப்பு டிக்கெட்டை அவரே தன் கையால் எழுதியிருந்தார்.