பதினாறு முட்டை காட்டிய கண்ணாடிக் குண்டு

குளக்கரை மேட்டில், சரளைக் கற்களுக்கு நடுவே, செங்கண்ணி என்ற ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். எல்லாம் மண் நிறம். பக்கத்தில் வந்து நின்றாலும் கல் என்றுதான் தோன்றும். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒருநாள் பாழடைந்த வேட்டை பங்களாவிலிருந்து ஒரு குரங்கு கண்ணாடிக் குண்டு ஒன்றைத் தூக்கி வந்தது. அந்தக் காலத்தில் மேசைக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்த குண்டு. குரங்கு கடித்துப் பார்த்தது. பழம் இல்லை. மேட்டிலேயே போட்டுவிட்டுப் போனது.

குண்டுக்குள் நீலமும் சிவப்புமாகச் சிறு பூக்கள் நெருங்கிப் பூத்திருந்தன. வாடவில்லை, உதிரவில்லை. பக்கங்களில் பட்டை தீட்டியிருந்தது. செங்கண்ணி அதைக் கூட்டின் ஓரத்துக்கு உருட்டி வந்தாள். மறுபக்கம் நின்று பட்டை வழியே பார்த்தால், ஒவ்வொரு முட்டையும் நான்காகத் தெரிந்தது!

"பதினாறு!" என்றாள்.

முட்டைகளைக் குளிர்விக்க வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்த கணவன், "நீ இட்டது நாலுதானேடி?" என்றான்.

"அது கண்ணாடி வருவதற்கு முன்னால்."

அவன் மறுபடி நனைக்கப் போனதும் உடும்பு வந்தது. யார் வந்தாலும் ஊரைக் கூட்டிக் கத்துவதுதான் ஆள்காட்டியின் வேலை. செங்கண்ணி வாயைத் திறந்தாள்.

"கத்தாதீங்க அக்கா! பூவைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

ரசிக்க வந்தவரை எப்படி விரட்டுவது? வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் நின்னு பாருங்க அக்கா. வெயில் பட்டா இன்னும் அழகு!"

போய்ப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. உடும்பு கூட்டுப் பக்கமே நின்று ரசித்தது.

அது போன பிறகு பட்டை வழியே எண்ணினாள். பன்னிரண்டு. "பன்னிரண்டும் நிறையத்தான்" என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாளும் உடும்பு ரசித்துவிட்டுப் போனது. எட்டு. அதற்கு மறுநாள் நான்கு.

"நான் இட்டதே நாலுதான்! ஒன்றும் குறையவில்லை."

நான்காம் நாள் காலை முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று சத்தம் கேட்டது. பட்டையில் நான்கு முட்டைகள். குரல் ஒன்றுதான். செங்கண்ணி வெகுநேரம் காது கொடுத்து நின்றாள். பிறகு குண்டைச் சுற்றிக்கொண்டு கூட்டுக்கு வந்தாள்.

"அக்கா, பூ பார்க்க வந்தேன்!" என்றது உடும்பு.

செங்கண்ணி கத்தினாள். மூன்று நாள் கத்தாததையும் சேர்த்துக் கத்தினாள். கணவன் பாய்ந்து வந்தான். கரையிலிருந்த ஆள்காட்டிகளெல்லாம் வந்து தலையிலேயே கொத்தின. உடும்பு ஓடியே போனது. அவள் குண்டைச் சரிவில் தள்ளினாள். அது பூக்களோடு குளத்தில் முங்கியது.

சாயங்காலம் குஞ்சு வெளியே வந்து இருபுறமும் பார்த்தது.

"அம்மா, நான் மட்டும்தானா?"

"ஆமாம்" என்றாள் செங்கண்ணி.

எவ்வளவு அழகான கண்ணாடி கிடைத்தாலும், நம்முடையதை வெறுங்கண்ணால்தான் எண்ண வேண்டும்.