நிலை வைக்கப் போனவன்

பூவரசஞ்சாமியிடம் யாரும் யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டுவிட முடியாது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். ‘எனக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி’ என்று அழுதுகொண்டு வந்தவரிடம், ‘கிழக்கே நடந்தா பஸ் வரும்’ என்று சொன்ன மனுஷர் அவர். வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் அழுகை வரவில்லை.

அவருடைய மடத்தில் சீடனாக இருந்தான் அம்பலவாணன். நாற்பதைத் தாண்டியவன், நல்ல நெட்டை. அப்பா செத்துப்போன துக்கத்தில், கூடப் பிறந்த ஒரே தங்கையிடம்கூடச் சொல்லாமல் வீட்டை விட்டு வந்தவன். வந்த நாளிலிருந்து அவன் வாயில் ஒரே பேச்சுதான்: நிலை. தியானத்தில் ஒரு நிலை, தூக்கத்தில் ஒரு நிலை. கஞ்சி குடித்து ஏப்பம் விட்டால்கூட, இது எந்த நிலை என்று கண்ணை மூடி யோசிப்பான்.

ஒருநாள் தங்கை செண்பகவடிவு மடத்துக்கு வந்து நின்றாள். ஊர் ஊராக விசாரித்து ஆளைக் கண்டுபிடித்திருந்தாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, முகத்தில் கடுகடுப்பு.

“வீடு கட்டுதேன். வெள்ளிக்கிழமை வாசக்கதவுக்கு மர நிலை வைக்கோம். அப்பா கை பிடிச்சு வைக்க வேண்டியது. அப்பா இல்லை, நீதான் வரணும். நீ வராட்டா நிலையும் வேண்டாம், வீடும் வேண்டாம். அப்படியே கிடக்கட்டும்.”

தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அம்பலவாணன் சாமியிடம் ஓடினான்.

“சாமி, அங்க போனா என் நிலை சரிஞ்சுபோகும்.”

“முட்டுக் கொடுக்கலைன்னா சரியத்தான் செய்யும்.”

“நான் என் நிலையைச் சொல்லுதேன் சாமி.”

“நானும் நிலையைத்தான் சொல்லுதேன். வேங்கையா, தேக்கா?”

“பாசம் இழுத்துரும் சாமி. இத்தனை வருஷமாப் பாடுபட்டு வந்த நிலை...”

“கரையான் அரிக்காத மரமாப் பாத்துப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது.” சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “நானும் வாரேன். சாப்பாடு உண்டுல்லா?”

உண்மையைச் சொன்னால், அவனுக்குப் பாசத்தைக் கண்டு அவ்வளவு பயமில்லை. தங்கை அப்பா பேச்சை எடுத்தால் ஊர் முன்னால் விம்மி அழுதுவிடுவோம் என்ற வெட்கம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. கண்ணை மூடி உட்கார்ந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அஸ்திவாரத்துக்கு மேல் இடுப்பளவு மேடை எழும்பியிருந்தது. சுவர் ஒன்றும் எழும்பவில்லை. மேடைக்கு ஏற முன்பக்கம் மட்டும் படி. படி முடிகிற இடத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நிலை படுத்துக் கிடந்தது.

கொத்தனார் சுடலைமாடன் அம்பலவாணனை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணாச்சிதான் அண்ணனா? உசரம் தோதா இருக்கு. நிலையோட இந்தக் காலைப் பிடிங்க.”

நவதானியம் போட்டு நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அம்பலவாணன், மறு பக்கம் செண்பகவடிவு. கொத்தனார் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“அண்ணாச்சி, நிலை ஆடுது.”

“நான் ஆட்டலையே.”

“உங்க கை நடுங்குதுல்லா.”

தங்கை எட்டிப் பார்த்தாள். “நல்லாப் பிடிச்சுக்கோ அண்ணே” என்றாள். குரலில் கோபம் இல்லை. அப்பா பேச்சையும் அவள் எடுக்கவில்லை.

அம்பலவாணனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் மரத்தில். அந்தப் பக்கம் அவளுக்கும் அதே கதி. இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிலையைக் கட்டிப் பிடித்து நின்றார்கள்.

“குண்டு நின்னுட்டு!” என்று கத்தினார் கொத்தனார். “ஆரும் அசையாதீங்க. இப்பதான் நேரா இருக்கு.”

முட்டுக் கொடுத்தாகிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். மேடையில் பாய் விரித்து இலை போட்டார்கள். செண்பகவடிவு உள்ளே ஒரு இலை முன்னால் நின்று, “வா அண்ணே” என்று கூப்பிட்டாள்.

அம்பலவாணன் படியேறினான். ஒரு கால் நிலையைத் தாண்டி உள்ளே போனது, மறு கால் வெளியிலேயே நின்றுவிட்டது. அப்படியே பின்னால் வந்த சாமியைத் திரும்பிப் பார்த்தான்.

“சாமி, எல்லாரும் பாக்க அழுதுட்டேன்.”

“பாத்தேன்.”

“எனக்கு நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. உள்ள போயி உக்காந்தா நான் பழைய ஆளாயிருவேனா? திரும்பி நடந்தா இவ மனசு என்ன பாடுபடும்? நீங்களே சொல்லுங்க சாமி. நான் இப்போ எந்த நிலையில நிக்கேன்?”

உள்ளே தங்கை காத்திருந்தாள். சாமி நிலையை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

“நிலை நிக்கட்டும் அம்பலம். நீ நிக்காத. பின்னால சாம்பார் வாளி வருது.”