நாலு கை காவக்காரனும் கெண்டைக்கால் கத்திரிக்காரங்களும்

ஒரு ஊர்ல... எந்த ஊர்னு கேக்காதே செங்கொடி, காலை இப்படி நீட்டு. உன் கெண்டைக்காலுக்குள்ளதான் அந்த ஊர். அங்க அஞ்சு கத்திரிக்காரங்க இருந்தாங்க. மூத்தவன் இருளப்பன், வாயாடிப்பய. கடைக்குட்டி வேலாயி. ஊர் பூரா கயிறு. நீ ஓடறப்ப அந்தக் கயிறுங்கதான் இழுக்கும். பிஞ்சுபோன கயிறோட முடிச்சை வெட்டிவிடறது இவங்க வேலை. ம் கொட்டு.

"ம்."

நேத்து நீ கபடியில விழுந்தியா, கொஞ்சம் கயிறு நார்நாராப் பிஞ்சிடுச்சு. அதை வெட்டி எடுத்தாதானே புதுசு கட்ட முடியும்? இல்லேன்னா நீ மறுபடி ஓடறது எங்கே? ஆனா அவங்க கத்திரியெல்லாம் ரெண்டு ரெண்டு துண்டா விலகிக் கெடக்குது. சுண்ணாம்பு வந்து உக்காந்தாதான் துண்டு ரெண்டும் சேரும்.

"வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பா?"

அதுக்குச் சொந்தக்காரன். பால்லயும் கேப்பையிலயும் இருக்குமே, அது. அதைக் குடோன்ல பூட்டி வச்சிருப்பாங்க. கால் அசைஞ்சா கதவு டபார்னு திறக்கும், ஒரு சிட்டிகை வெளிய வரும், உடனே சரசரன்னு அள்ளி உள்ள போட்டுடுவாங்க. அந்தச் சிட்டிகைக்குக் கத்திரி லேசா நடுங்குச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் பார்த்தா, பிஞ்ச இடத்துச் சுவர்ல ஓட்டை! ஊருக்கு வெளியில எப்பவும் சுண்ணாம்பு நெறைய கெடக்கும், அது குபுகுபுன்னு உள்ள கொட்டுச்சு. டக்! அஞ்சு கத்திரியும் சேந்துடுச்சு.

அப்போ தடதடன்னு ஓடி வந்தான் காவக்காரன் நல்லமுத்து. அவனுக்கு நாலு கை.

"ஏன்யா, சும்மா கெடந்தப்ப எட்டிக்கூடப் பாக்கல. வேலைக்கு எந்திரிச்சதும் பிடிக்க வர்றியே!"ன்னான் இருளப்பன்.

"விட்டா நல்ல கயிறையும் நறுக்கிடுவீங்கடா."

இருளப்பன் அவன் கையை எண்ணினான். அப்புறம் மெதுவா, "டேய், நாம நாலு பேர் போய் மாட்டிக்குவோம். வேலாயி, நீ ஓடு"ன்னான்.

லபக், லபக், லபக், லபக். நாலு பேரும் மாட்டினாங்க, ஒருத்தன்கூடத் திமிறல. மாட்டிக்கறதும் ஒரு வேலைதான் கண்ணு. எந்த மேடையிலயும் அவங்க பேரைச் சொல்ல மாட்டாங்க.

"ம்."

வேலாயி போய்ச் சேர்றதுக்குள்ள ஓட்டை அடைபட ஆரம்பிச்சிடுச்சு. சுண்ணாம்பு கொறையுது, கத்திரி விலகப் பாக்குது. என்ன செஞ்சா தெரியுமா? தன் சடை நுனியைத் தானே நறுக்குனு வெட்டி எறிஞ்சா! சடைப் பாரம் போயிட்டா, அவ கத்திரி சேந்து நிக்கக் கொஞ்சூண்டு சுண்ணாம்பே போதும். நறுக், நறுக், நறுக்! பிஞ்ச முடிச்சை மட்டும் வெட்டினா. நல்ல கயிறு ஒண்ணையும் தொடல.

அப்புறம் ஓட்டை மூடிச்சு. மிச்சச் சுண்ணாம்பு குடோனுக்குப் போச்சு. கத்திரியெல்லாம் விலகிச்சு. நல்லமுத்து நாலு கையையும் விட்டான்.

"பாத்தியா எங்க புள்ளைய?"ன்னான் இருளப்பன்.

"பாத்தேன், பாத்தேன். கை கடுக்குது, போய்ப் படுங்கடா"ன்னான் அவன்.

"மாட்டிக்கிட்டவங்களுக்கு வலிச்சுதா?"

வலிச்சுது. நீ ஓடுவேல்ல, அது போதும் அவங்களுக்கு. புதுக் கயிறு கட்றவங்க வாசல்ல வந்து நிக்கறாங்க, காலை ஆட்டாதே.

"...ம்."

கத்திரி படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் படு, என் தங்கம்.